மாட்டியவர் கழற்றாத பலகை

கம்பத்தார் வாழ்க்கையில் முதன்முதலாக விழுந்தது வாஷிங் மெஷினுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவே, காலை ஒன்பதே காலுக்கு. வழுக்கவில்லை, தடுக்கவில்லை, யாரும் தள்ளவும் இல்லை. பேத்திக்குப் பால் புகட்டி, தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்ததும் தொட்டிலில் கிடத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துணி துவைத்து முடித்த மெஷின் கூவியது. எழுந்தார். இரண்டு அடி நடந்தார். மூன்றாவது அடியை வைத்தாரா என்பது அவருக்கே தெரியாது.

கண் திறந்தபோது கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. மெஷினின் அடியில், நாலு மாதமாகத் தேடிய நீலக் காலுறை ஒன்று தூசியோடு கிடந்தது. ‘அட, நீ இங்கேயா இருக்கே’ என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் உடம்பு சில்லிட்டது. ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அந்த எட்டு மாதக் குழந்தை அவர் தோளில் இருந்தது.

தவழ்ந்துபோய்த் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வாண்டு தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கை நடுங்கிய நடுக்கத்தில் தொட்டிலும் ஆடியது. தாத்தா ஆட்டுகிறார் என்று அது சிரித்தது.

விழுவதைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருஷம் மின்சாரத் துறையில் லைன்மேன். மதியம் சாப்பிடக் கீழே கூப்பிட்டால், “ஏறி இறங்குற நேரத்துக்கு ரெண்டு கம்பி கட்டிடலாம்” என்று மேலேயே பொட்டலத்தைப் பிரிப்பார். ‘கம்பத்துலயே குடித்தனம் நடத்துறான்யா’ என்று ஆரம்பித்த கேலி கம்பத்தார் என்று பேராகி, சொந்தப் பேரைத் தின்றுவிட்டது. மழை, காற்று, பாசி பிடித்த கம்பம், குளவிக் கூடு எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாளும் விழுந்ததில்லை. தைரியசாலி என்றார்கள். உண்மை வேறு. அவர் பெரிய பயந்தாங்கொள்ளி. பயந்ததால்தான் உயிரோடு இறங்கினார்.

அந்தப் பயத்துக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதல் சட்டம் இடுப்புப் பெல்ட். கட்டுகிறவன் ஒருவன், இழுத்துப் பார்க்கிறவன் இன்னொருவன். இரண்டு தடவை இழுக்க வேண்டும். தன் பெல்ட்டைத் தானே இழுத்துப் பார்த்துத் திருப்திப்படுகிறவன் தொழிலுக்கு லாயக்கில்லாதவன்.

இரண்டாவது சட்டம் பலகை. கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன் கீழே சுவிட்சை அணைத்து, ‘தொடாதே, ஆள் வேலையில்’ என்ற சிவப்புப் பலகையை அதில் மாட்டுவார்கள். எவன் மாட்டினானோ அவன் கையால்தான் அது கழற்றப்பட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அவருக்குத் தொழில் சொல்லித் தந்த மேஸ்திரி கம்பத்து உச்சியில் இருக்கும்போது, ‘இந்நேரம் முடிச்சிருப்பாங்க’ என்று நினைத்து ஒரு குமாஸ்தா பலகையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டார். மேஸ்திரியைக் கீழே இறக்கியவர்களில் கம்பத்தாரும் ஒருவர். அன்று முதல் அடுத்தவன் மாட்டிய எதையும் அவர் தொட்டதில்லை.

இந்த இரண்டாவது சட்டத்தைத்தான் மனிதர் மாத்திரைக்கும் போட்டிருந்தார்.

பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றில் எட்டு வகை மாத்திரைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு: யார் கொடுத்தது, எந்தத் தேதி. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு, இதய டாக்டர். கால் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்று, மருந்துக் கம்பெனி நடத்திய முகாமுக்கு வந்த டாக்டர். இரும்புச் சத்துக்கு ஒன்று, அதுவும் அவரே. சிறுநீர்த் தொந்தரவுக்கு ஒன்று. முதுகு வலிக்கு ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் வந்த அரிப்புக்கு ஒன்று. அரிப்பு போய்விட்டது, மாத்திரை போகவில்லை. மனைவி இறந்த மாதம் தூக்கம் வராமல் தவித்தபோது ஒன்று. அதைக் கொடுத்தவர், “நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க” என்றார். சொல்வதற்கு முன் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அடுத்து வந்த டாக்டர்கள் ‘பழையதைத் தொடரவும்’ என்று ஒரு வரி எழுதினார்கள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது கண்ணாடி போலத் தெரிந்தது. அவள் பாட்டில் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும் பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுக்கும் வேலை. மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில். அப்பா விழுகிறார் என்று தெரிந்தால் அவள் மறுநாளே வேலையை விட்டு நிற்பாள். அதுவாவது பரவாயில்லை. அதற்கப்புறம் அவள் தன் அப்பனைப் பார்க்கப்போகும் பார்வை ஒன்று இருக்கிறதே, கீறல் விழுந்த பாட்டிலைப் பார்க்கிற பார்வை, அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கீழ் வீட்டு டீச்சரம்மாவின் கதை வேறு கண்முன் இருந்தது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவே இல்லை. “பாவம், வயசாச்சுல்ல” என்று கட்டடமே சொன்னது. என்ன வயது? அறுபத்தொன்பது. இவருக்கு எழுபத்தொன்று.

வயது என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போல வசதியான சாக்கு உலகத்தில் இல்லை. இருபது வயதுப் பையன் நின்ற இடத்தில் மயங்கி விழுந்தால் ஏன் என்று பத்துச் சோதனை செய்வார்கள். எழுபது வயதுக்காரர் விழுந்தால் ‘ஏன்’ என்ற கேள்வியே கிடையாது. விதி என்று ஒருவன் சொல்வான், வயது என்று படித்தவன் சொல்வான். இரண்டும் ஒன்றுதான். விசாரணையை மூடுகிற முத்திரை.

கம்பத்தார் இதய டாக்டரிடம் போனார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மூன்று நிமிஷம் பார்த்தார்.

“எப்படி இருக்கீங்க பெரியவரே?”

“எழுந்து நின்னா தலை சுத்துது சார். கண்ணு இருட்டிக்கிட்டு…”

“வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்.” நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுத்தம் பார்த்தாயிற்று. “பிரஷர் சரியா இருக்கு. தலைசுத்தலுக்கு ஒண்ணு எழுதறேன். மத்ததெல்லாம் அப்படியே போடுங்க. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”

டப்பாவில் ஒன்பதாவது அட்டை ஏறியது. சுற்றலுக்கு மாத்திரை வந்ததும் சுற்றல் கூடியது. தரை மெத்தை போல அமுங்கியது. பேசும்போது நாக்கு தடித்தது. வீட்டுக்குள் நடப்பதே கம்பத்தில் ஏறுவது போலாயிற்று: ஒரு கையில் பிடி கிடைத்த பிறகுதான் அடுத்த கால். நாற்காலி, மேஜை விளிம்பு, கதவு நிலை. நடுவே பிடிமானம் இல்லாத நாலடித் தரை ஒன்று உண்டு. அதைக் கடக்கும்போது மூச்சு விடமாட்டார்.

பத்தாம் நாள் அது நடந்தது. வாண்டைத் தோளில் போட்டுப் பால்கனியில் காக்கை காட்டிக்கொண்டிருந்தார். கீழே விழுந்த கிலுகிலுப்பையைக் குனிந்து எடுத்து நிமிர்ந்தார். ஓரங்களிலிருந்து கறுப்பு கவிந்து வந்தது. மூன்றாம் மாடி. கம்பிக் கைப்பிடி அவர் இடுப்பளவுதான். முன்னால் சாயக் கூடாது என்ற ஒன்றைத் தவிர எதுவும் தோன்றவில்லை. குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு முதுகைச் சுவரில் மோதினார். சுவரைத் தேய்த்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். சட்டை கிழிந்து முதுகுத்தோல் உரிந்தது அப்போது தெரியவில்லை. குழந்தைக்கு இது சறுக்கு விளையாட்டு. இன்னொரு தடவை என்பது போல அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது.

“இருடா தங்கம். தாத்தா கொஞ்சம் இருக்கேன்” என்றார். குரல் அவருக்கே யாருடையதோ போல் கேட்டது.

முக்கால் மணி நேரம் அந்தப் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் திரும்பவும் அது வரும். எழாவிட்டால் குழந்தைக்குப் பசிக்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இந்தக் கனம் எட்டுக் கிலோ, சிரித்துக்கொண்டு, அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு இருந்தது. கடைசியில் உட்கார்ந்தபடியே, குழந்தையை மடியில் வைத்து, அங்குலம் அங்குலமாகப் பின்பக்கமாக நகர்ந்து உள்ளே வந்தார்.

அன்று மதியமே பரணிலிருந்து பழைய இடுப்புப் பெல்ட்டை இறக்கினார். பரணில் ஏறியது பைத்தியக்காரத்தனம் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. தோல் காய்ந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தார். வீட்டில் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்: கூடத்து ஜன்னல் கம்பி, சமையலறை ஜன்னல் கம்பி, படுக்கையறைக் கட்டிலின் இரும்புக் கால். குழந்தையைத் தூக்குவதற்கு முன் பெல்ட்டைக் கட்டி, கயிற்றின் கொக்கியை அருகிலுள்ள கம்பியில் மாட்டுவார். விழுந்தாலும் பாதியில் தொங்குவார், தரையில் மோதமாட்டார் என்பது கணக்கு. கொக்கியைத் தானே இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். இழுக்கும்போது, லாயக்கில்லாதவன் என்று மேஸ்திரி காதருகில் சொல்வது போலிருந்தது. வேறு யாரைக் கூப்பிடுவது?

ஆறு நாள் அப்படி ஓடியது. ஏழாம் நாள் தொழிற்சாலையில் உலை பழுதாகி எல்லாரையும் பன்னிரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். மகள் சாவி போட்டுக் கதவைத் திறந்தாள். கூடத்து ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு, கையில் குழந்தையோடு, திருதிருவென்று விழித்தபடி அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். கொக்கியைக் குழந்தை ஆட்டி ஆட்டி ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது.

அவள் பையைக் கீழே போட்டாள். “அப்பா… யாரு உங்களைக் கட்டிப் போட்டது?”

“யாரும் இல்ல. நானேதான்.”

“நீங்களேவா?” ஓடிவந்து குழந்தையைப் பறித்தாள். “என்னப்பா இது? ஜன்னலுக்கு கரண்ட் குடுக்கப் போறீங்களா?”

“ஒரு சேஃப்டிக்கு…”

“எதுக்கு சேஃப்டி? வீடு என்ன ஓடவா போகுது?”

கம்பத்தார் பெல்ட்டைக் கழற்றினார். கழற்றியதும் ஆடினார். அவள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அவர் தோளுமாகப் பிடித்து உட்கார வைத்தாள். அப்போதுதான் சட்டைக்குள் முதுகில் காய்ந்த காயம் அவள் விரலில் தட்டுப்பட்டது.

“எத்தனை தடவை?” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

“தரையில ஒண்ணு. சுவத்துல ஒண்ணு. மத்ததெல்லாம் பாதியிலயே பிடிச்சிட்டேன்.”

“பாப்பா கையில இருக்கும்போதா?”

அவர் தலை குனிந்தார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்னால் ஓர் அடி வைத்தாள். அந்த ஓர் அடி போதுமாக இருந்தது. எந்தப் பார்வைக்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, டப்பாவை மேஜையில் கவிழ்த்து ஒன்பது அட்டைகளையும் வரிசையாக வைத்தாள். பாட்டில் பார்க்கிற கண் அல்லவா. “அரிப்புக்குன்னு போட்டிருக்கு. உங்களுக்கு எங்கப்பா அரிக்குது?”

“இப்ப இல்ல.”

“அப்புறம் எதுக்கு முழுங்கறீங்க?”

“நிறுத்துன்னு அவர் சொல்லல. போர்டு மாட்டினவன்தான் கழட்டணும். அது சட்டம்.”

“தூக்க மாத்திரை குடுத்தவர் ஊர்லயே இல்லையேப்பா.”

“அதுக்கு?”

“உங்க வேலையில என்ன பண்ணுவீங்க? போர்டை மாட்டிட்டு ஒரு ஆளு செத்துட்டா, அந்தத் தெருவுக்கு ஆயுசுக்கும் கரண்ட் கிடையாதா?”

“அதெப்படி? மாட்டினவன் இல்லேன்னா ஷிப்ட் பொறுப்புல இருக்கிற இன்ஜினியர் வரணும். ஆபீஸ்ல உக்காந்து உத்தரவு போடக் கூடாது. நேர்ல வந்து, லைன் முழுக்க நடந்து பாத்து, மேல ஆள் இல்லேன்னு தன் கண்ணால பாத்துட்டு, ‘நான் கழட்டறேன்’னு பேர் எழுதி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டுட்டு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லைன் முழுக்க நடந்து பாத்த டாக்டர் யாருப்பா?” என்றாள்.

ஒருவரும் இல்லை. ஒருவர் நெஞ்சைப் பார்த்தார், ஒருவர் முதுகை, ஒருவர் மூத்திரத்தை. ஆளை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவும் மூன்று நிமிஷமும் கிடைக்கும். இங்கே உடைந்த பெஞ்சும் ஒரு டாக்டரம்மாவும் இருந்தார்கள். மகள் வயதுதான் இருக்கும். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, “கீழ விழுந்திருக்கீங்களா ஐயா?” என்றார்.

மூன்று வருஷம், ஐந்து டாக்டர்கள், ஒன்பது மாத்திரைகள். இந்த ஒரு கேள்வியை ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. கம்பத்தார் டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

“படுங்க.” ஐந்து நிமிஷம் படுக்க வைத்து அழுத்தம் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. “இப்ப எழுந்து நில்லுங்க. நான் பிடிச்சுக்கறேன், பயப்படாதீங்க.” ஒரு நிமிஷம் கழித்து நூற்றெட்டு. மூன்று நிமிஷத்தில் நூற்று நாலு. சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகள் கம்பத்தாருக்கு மங்கத் தொடங்கின. உடனே உட்கார வைத்தார்கள்.

“முப்பத்தெட்டு இறங்குது. இவ்வளவு இறங்கினா நானே விழுந்துடுவேன்” என்றார் டாக்டரம்மா. “வயசு இல்லைங்க ஐயா இது. பாருங்க. இந்தப் பிரஷர் மாத்திரை காலை வீங்க வெச்சிருக்கலாம். வீக்கத்துக்கு ஒருத்தர் நீர் மாத்திரை குடுத்தார். நீர் போனதும் பிரஷர் இன்னும் இறங்குச்சு. சிறுநீருக்குப் போடறதும் இறக்கும். தலை சுத்துச்சு. சுத்தலுக்கு இன்னொண்ணு. அது, அரிப்பு மாத்திரை, முதுகு மாத்திரை, தூக்க மாத்திரை, நாலும் மூளையை மந்தமாக்கும். நீங்க இத்தோட தப்பிச்சதுதான் ஆச்சரியம்.”

கம்பத்தாருக்குக் கம்பிகள் கண்முன் ஓடின. தப்பான இணைப்பு. ஒன்றின் சூட்டைத் தணிக்க இன்னொன்று, அதன் சூட்டுக்கு மற்றொன்று. இப்படி ஒரு லைனை அவர் கட்டியிருந்தால் மறுநாள் வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். இவர்களை யார் தூக்குவது?

“அப்ப எல்லாத்தையும் இன்னிக்கே தூக்கி எறிஞ்சிடலாமா டாக்டர்?” என்றாள் மகள்.

“ஐயோ, கூடாது. தூக்க மாத்திரையை டக்குனு நிறுத்தினா வேற வம்பு வரும். கொஞ்சம் கொஞ்சமா, மாசக் கணக்குல இறக்கணும். முதுகு மாத்திரையும் அப்புறம் அப்படித்தான். சுத்தல், அரிப்பு ரெண்டும் இன்னிக்கே நிக்கட்டும். பிரஷர் விஷயத்தை உங்க இதய டாக்டர்கிட்ட நான் பேசறேன். வீட்ல நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, சேர்க்கவும் கூடாது.”

பேசினார். அந்தப் போன் பேச்சைக் கம்பத்தார் காதாரக் கேட்டார். அந்தப் பக்கத்துக் குரல் முதலில் எரிச்சலாக இருந்தது, முப்பத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் அடங்கியது. வீக்கம் தரும் மாத்திரைக்குப் பதில் வேறொன்று, நீர் மாத்திரை வேண்டாம் என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது கம்பத்தார் துண்டுச் சீட்டுகளை நீட்டினார். “அம்மா, இதுல உங்க பேர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நேரமும் போடுங்க. கழட்டினது யாருன்னு இருக்கணும்.”

டாக்டரம்மா மகளைப் பார்த்தார். மகள், “போட்டுடுங்க டாக்டர், இல்லேன்னா வீட்டுக்கு வந்து திரும்ப முழுங்கிடுவார்” என்றாள். சிரித்துக்கொண்டே நிறுத்திய நாலு மாத்திரைகளின் சீட்டுகளிலும் போட்டுக் கொடுத்தார்.

மகள் இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்புக் கேட்டாள். “உங்கப்பா விழறதுக்கும் எங்க பாட்டிலுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்றார் மேற்பார்வையாளர். “பாட்டில் விழுந்தா மட்டும் யார் கை பட்டுச்சுன்னு விசாரிக்கிறீங்கல்ல சார்?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு வாரமும் கம்பத்தார் தரையில் உட்கார்ந்துதான் குழந்தையை வாங்கினார். கட்டிலிலிருந்து எழுவதற்கு முன் உட்கார்ந்து நூறு எண்ணினார். முதல் வாரம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. தூக்கம் கெட்டது. எரிந்து விழுந்தார். எல்லாம் பொய், தனக்கு நிஜமாகவே வயதாகிவிட்டது என்று இரகசியமாக நடுங்கினார். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு காலை, நாலடித் தரையைக் கடந்து போய்ச் சமையலறையில் நின்ற பிறகுதான், எதையும் பிடிக்காமல் வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அன்று மருத்துவமனையில் படுத்தால் நூற்று முப்பத்தாறு, நின்றால் நூற்று இருபத்து நாலு.

மகள் வேலைக்குத் திரும்பும் நாள். பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டியவள் வாசலில் நின்றாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா குழந்தைக்காகக் கை நீட்டவும் இல்லை, மடக்கவும் இல்லை.

“பயமா இருக்காப்பா?”

இதற்கு முன் யார் கேட்டிருந்தாலும் இல்லை என்றிருப்பார். “இருக்கு” என்றார். “உனக்கு?”

“எனக்கும்தான்.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெல்ட்டை எடுத்து வந்தாள். அவர் கட்டிக்கொண்டார். கயிற்றை ஜன்னல் கம்பியில் மாட்டினார். அவள் குனிந்து கொக்கியைப் பிடித்தாள், ஒரு தடவை இழுத்தாள். இடுப்பு வளையத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை, பலமாக இழுத்தாள். ஜன்னல் அதிர்ந்தது.

“ம், சரியா இருக்கு” என்றாள்.

அவர் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினார். அவளும் கூடவே எண்ணினாள். அப்புறம் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள்.